மருதரும் நீல ரேப் ஒட்டிய சட்டியும்

வெள்ளிக்கிழமைகளில் அந்தக் குசினியில் முதல் நெருப்பு ஒரு சின்னச் சட்டிக்குத்தான். காலை ஆறரைக்கு மருதர் தன் அலுமாரியைத் திறந்து, ஒரு ஆளுக்குச் சோறு வடிக்கிற அளவிலான சட்டியொன்றை எடுப்பார். கைபிடியில் நீல ரேப், ஒட்டுநாடா, சுற்றியிருக்கும், அதிலே அவருடைய கையால் ஒரேயொரு எழுத்து. அதில் தண்ணீர் பிடித்து, கடைசி மூலை அடுப்பில் வைத்து, நெருப்பைப் பற்றவைத்துவிட்டு, ஒன்றும் நடவாதவர் போலக் கோழிகளைப் பார்க்கப் போய்விடுவார். ஏழு மணிக்கு ஜெயமதி வந்து ஏப்ரனைக் கட்டும்போது தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்.

ஜெயமதி அவரிடம் அதைக் கேட்டதில்லை. மொன்றியலில் யூத மதத்தவர்களின் கல்யாண வீடுகளுக்கும் கொண்டாட்டங்களுக்கும் சமைத்து அனுப்புகிற குசினி அது. இறைச்சி மட்டும்தான். பாலுக்கும் மீனுக்கும் வேறு இடம். வெள்ளிக்கிழமை மச்சம் மாமிசம் தொடாத ஜெயமதி, வேலைக்குச் சேர்ந்த புதிதில் பின்கதவடியில் நின்று வெறும் பாணும் வாழைப்பழமும் சாப்பிடுவாள். மூன்று வெள்ளி அதைப் பார்த்தவர் நாலாம் வெள்ளி ஒரு புதுச் சட்டியோடு வந்தார். "இது இறைச்சி பாக்காத சட்டி. உங்கட," என்றார். அவ்வளவுதான் பேச்சு. விரதம் பிடிக்கிறவருக்கு விரதம் பிடிக்கிறவரைத் தெரியாமல் போகுமா?

அவருடைய முழுப்பெயர் மர்தொஷே ஒஹாயோன். சின்ன வயதில் மொரோக்கோவிலிருந்து தாய் தகப்பனோடு வந்தவர். வயது அறுபது. அந்தப் பெயர் எங்களுடைய ஆட்களின் வாயில் இரண்டு நாள்தான் தங்கியது, மூன்றாம் நாள் மருதர் ஆகிவிட்டது. அவரும் அதற்கே திரும்பிப் பார்ப்பார். குசினியில் அவர் சமைப்பதுமில்லை, கழுவுவதுமில்லை. அவருடைய வேலை பார்ப்பது. தங்கள் வேதத்தில் சொன்னபடி எல்லாம் நடக்கிறதா என்று பார்க்கச் சபை நியமித்த ஆள். அடுப்புகளை அவர்தான் மூட்டவேண்டும். முட்டைகளை ஒவ்வொன்றாகக் கண்ணாடிக் கிளாசில் உடைத்து, வெளிச்சத்துக்குப் பிடித்து, இரத்தப் பொட்டு இருந்தால் தூர எறிவார். கீரை இலைகளை வெளிச்சப் பெட்டிமேல் விரித்துப் பூச்சி தேடுவார்.

தமிழ் அவருக்குக் குசினியில் வந்த தமிழ். அவரோடு எல்லாரும் மரியாதையாகவே பேசியதால் மரியாதைத் தமிழ் மட்டும்தான் தெரியும். கீரைக்குள் ஒளித்த பூச்சியைக் கண்டால், "வெளியால வாங்கோ, பயப்படாதேங்கோ," என்பார். பற்ற மறுக்கிற அடுப்பைக் குனிந்து பார்த்து, "எரியுங்கோவன், வேலை கிடக்கு," என்று கெஞ்சுவார். சட்டி கழுவுகிற மட்டக்களப்பு வலன்ரைன் சிரித்துச் சிரித்து விழுவான். "மருதர் ஐயா, அடுப்புக்கு ஏன் இவ்வளவு மரியாத?" என்றால், "என்னை விட வயசு கூட," என்று பதில் வரும்.

கோபக்காரர். வேலை பிழைத்தால் பிரெஞ்சில் கத்துவார். கத்தி முடிந்ததும் மறந்துவிடுவார் என்று நினைத்தால் பிழை. எல்லாவற்றையும் புரட்டாதி வரைக்கும் மனதில் வைத்திருப்பார். தங்களுடைய பெரிய விரதத்துக்கு முதல் வாரம், ஏப்ரனைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ஆள் ஆளாக வந்து நிற்பார். "இந்த வருசம் உங்களைக் கத்தினனான். மன்னியுங்கோ."

முதல் வருடம் ஜெயமதிக்குக் கூச்சமாகப் போய்விட்டது. "ஐயோ, என்ன ஐயா இது, விடுங்கோ."

"விடேலாது. மன்னிச்சிட்டன் எண்டு சொல்லுங்கோ. வாயால."

"கடவுள் மன்னிப்பார் ஐயா."

"கடவுளுக்குச் செய்த பிழையை அவர் மன்னிப்பார். உங்களுக்குச் செய்த பிழையில அவர் கை வைக்கமாட்டார். அது உங்கட."

வலன்ரைன் தன் முறை வந்தபோது, "எனக்கு மூணு தரம் கத்தினீங்க, ஒரு மன்னிப்புத்தானா?" என்று பகிடி விட்டான். மருதர் பகிடியாக எடுக்கவில்லை. மூன்று தரம் கேட்டார்.

பாலும் இறைச்சியும் ஒன்றாய்ச் சேரக்கூடாது என்பது அந்தக் குசினியின் முதல் விதி. ஒருவரும் தேநீருக்குக்கூடப் பால் கொண்டுவரக்கூடாது. ஜெயமதி ஏழு வருடமாகக் கொண்டுவந்ததில்லை. அந்தப் பங்குனி மாத வெள்ளிக்கிழமை மட்டும் கைப்பைக்குள் ஒரு சின்னப் போத்தல் பால் இருந்தது.

அவளுடைய கணவர் சுபாஸ்கரன் ஏணியிலிருந்து விழுந்து முதுகெலும்பு நெரிந்து கிடந்தார். அன்று காலை ஒப்பரேசன். இனி நடப்பாரோ இல்லையோ என்று டொக்டர்மார் கைவிரித்துச் சொன்ன ஒப்பரேசன். அது முடியும்வரை பாலும் பழமும்தான் என்று முருகனிடம் நேர்ந்திருந்தாள். ஆசுப்பத்திரியில் நிற்க முடியவில்லை, ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்கு இருநூறு பேருக்குச் சாப்பாடு. பத்து மணிபோலத் தலை சுற்றியது. மருதர் மேல்மாடியில் மரக்கறி இறக்கிக்கொண்டிருந்தார். ஒரு மிடறுதானே, கழுவி வைத்துவிடலாம் என்று நீல ரேப் சட்டியில் பாலை ஊற்றி மூலை அடுப்பில் வைத்தாள். பக்கத்து அடுப்பில் பெரிய தட்டையான சட்டியில் இறைச்சி உருண்டைகள் வெந்துகொண்டிருந்தன.

அப்போது போன் அடித்தது. ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது, கால் விரல்களை அசைக்கிறார் என்றார்கள். அவள் திரும்பினாள். பால் பொங்கி, விளிம்பு தாண்டி வழிந்தது.

பால் பொங்குவது எங்களுக்கு என்ன? புது வீட்டில் பொங்கவேண்டும் என்று காத்து நிற்கிறோம். பொங்கினால் கைதட்டுகிறோம். நல்ல செய்தி வந்த அந்த நிமிடத்தில் பால் பொங்கியதும் ஜெயமதியின் கைகள் தன்பாட்டில் கும்பிட்டன. "முருகா!" என்று வாய்விட்டே சொன்னாள். கும்பிட்ட கை இறங்குவதற்குள் வெள்ளைக் கோடொன்று அடுப்புத் தட்டில் ஓடி, பக்கத்துச் சட்டிக்குள் சொட்டியது.

துடைத்தாள். கழுவினாள். சட்டியை அலுமாரியில் வைத்தாள். கருகின பாலின் மணத்தை மட்டும் அவளால் கழுவ முடியவில்லை.

மருதர் படியிறங்கி வரும்போதே நின்றுவிட்டார். மூக்கை உயர்த்தினார். பிறகு ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். கடைசியாக அவளிடம்: "ஜெயமதி, நீங்களா?"

"இல்லை," என்றாள்.

அந்த வேலையும் போனால் படுக்கையில் கிடக்கிறவரை எப்படிப் பார்ப்பது என்ற பயம். ஒரு சொல்தான். மருதர் அவளுடைய முகத்தைப் பார்த்தார், தலையாட்டினார், நம்பிவிட்டார்.

யன்னலைத் திறந்து மணத்தைப் போகவிட்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அப்படிப்பட்ட ஆள் இல்லையே அவர். தானே சபைக்குப் போன் எடுத்துச் சொன்னார். சமைத்த அவ்வளவும் குப்பைக்குப் போனது. சட்டிகளை நெருப்புச் சுவாலை பிடித்துச் சுட்டுச் சுத்தம் செய்தார்கள். நீல ரேப் சட்டியைப் பற்றிக் கேட்டார்கள். "நான்தான் வச்சிருக்கச் சொன்னனான்," என்றார். அந்தப் பெண் செய்திருப்பாளா என்று கேட்டார்கள். "அவ பொய் சொல்லமாட்டா," என்றார். அப்படியானால் பொறுப்பு உன்னுடையது என்று சபை அவரை நிறுத்தியது. பத்தொன்பது வருடமாக மூட்டிய அடுப்புகளை அவர் அன்றைக்குத் தன் கையால் அணைத்துவிட்டுப் போனார்.

ஜெயமதி கோயிலுக்குப் போனாள். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். மருதரின் பெயரில் அர்ச்சனை செய்யச் சொன்னாள். ஐயர் தட்டை வாங்கிக்கொண்டு, "பேர்?" என்றார்.

"மருதர்."

"நட்சத்திரம்?"

"தெரியாது ஐயா. அவர் எங்கட ஆள் இல்லை."

ஐயர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "சுவாமிக்குத் தெரியும்," என்று செய்தார். நல்ல மனுசன். திருநீறு பூசிக்கொண்டு வெளியே வந்தபிறகும் அவளுக்கு நெஞ்சு பாரமாகவே இருந்தது. அது உங்கட, உங்கட என்று மருதரின் குரல் காதுக்குள்.

ஆவணியில் ஒருநாள் சுபாஸ்கரனை லொங்குய்யில் உடற்பயிற்சி வைத்தியத்துக்கு விட்டுவிட்டு, தண்ணீர்ப் போத்தல் வாங்கப் பக்கத்துத் தெப்பனேர் என்கிற சின்னக் கடைக்குள் நுழைந்தாள். கல்லாவில் மருதர் இருந்தார். மைத்துனரின் கடை. மொன்றியலிலிருந்து ஆறு தாண்டி இந்தப் பக்கம் தன்னைத் தெரிந்தவர்கள் இல்லை என்று வந்து இருக்கிறார். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்து எழும்பினார்.

"ஜெயமதி! சாப்பிட்டீங்களா? அண்ணை நடக்கிறாரா?"

"ஓம் ஐயா, தடியோட நடக்கிறார்."

"வெள்ளிக்கிழமை என்ன செய்யிறீங்கள்? ஆர் உங்களுக்குத் தண்ணி வைக்கினம்?"

அந்தக் கேள்வியை அவளால் தாங்க முடியவில்லை. சிகரெட் வாங்க இரண்டு பேர் வரிசையில் நிற்க, அந்த இடத்திலேயே சொல்லிவிட்டாள். "ஐயா, அண்டைக்குப் பால் கொண்டுவந்தது நான். இல்லை எண்டு சொன்னதும் நான்தான். என்னை மன்னியுங்கோ."

மருதர் கல்லாவை மூடினார்.

"எவ்வளவு சிந்தினது?"

"என்ன ஐயா?"

"பால். எவ்வளவு?"

"ஒரு தேக்கரண்டி... ரெண்டு வராது."

"ரெண்டு கரண்டி. அந்தச் சட்டியில ஐந்நூறு உருண்டை. எங்களுக்குக் கணக்கு இருக்கு. அறுபதில ஒரு பங்குக்குக் குறைவா, தற்செயலா விழுந்தா, சாப்பாடு தப்பும். றபாயிட்ட, எங்கட குருவிட்ட, ஒரு போன். அவ்வளவுதான். சிந்தினது ஒரு கரண்டியோ ஒரு லீற்றரோ எண்டு சொல்ல ஆள் இல்லாததாலதான் எல்லாம் குப்பைக்குப் போனது. நான் உங்களைப் பாலுக்காகக் கேக்கேல்லை. நீங்கள் வாய் திறக்கேல்லை!"

"பயத்தில ஐயா..."

"அடிச்சிருந்தா மன்னிப்பன். களவெடுத்திருந்தா மன்னிப்பன். நீங்கள் என்ர நல்ல பேரைப் பறிச்சனீங்கள். எங்கட சட்டத்தில பேரைக் கெடுத்தவரை மன்னிக்கவேணும் எண்டு இல்லை." கதவைக் காட்டினார். "வெளியால போங்கோ."

அந்தக் கோபத்திலும் மரியாதை குறையவில்லை. அதுதான் ஜெயமதிக்குக் கூடச் சுட்டது.

வீட்டுக்கு வந்து சுபாஸ்கரனிடம் சொன்னாள். அவர் கதிரையில் சரிந்து இருந்து கேட்டார். "என்ர காலுக்காகத்தானே அண்டைக்கு விரதம் இருந்தனி. அந்தக் கால் இப்ப நடக்குது. வா, நடப்பம்," என்றார்.

மறுநாளே குசினி முதலாளி அம்மாவிடம் போய் உள்ளதைச் சொன்னாள். அவர் நெற்றியில் கைவைத்துக்கொண்டு, இப்போதைக்கு வேலைக்கு வரவேண்டாம் என்றார். அதற்கும் தலையாட்டிவிட்டு, சபைக்கும் போனாள். தாடி வெளுத்த றபாய் ஒருவர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து, கதை முழுவதையும் தெரிந்த பிரெஞ்சில் சொல்லிமுடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்டார். இரண்டு கரண்டி என்றதும் கண்ணை மூடினார். கடிதம் எழுதி மருதருக்கு அனுப்பினார்கள். பிழை உங்களுடையது இல்லை, திரும்ப வாருங்கள் என்று.

மருதர் போகவில்லை.

அதைக் கேள்விப்பட்டு இரண்டாம் தரம் மன்னிப்புக் கேட்க அவருடைய வீட்டுக்கே போனாள். கோட்-சென்-லூக்கில் மூன்றாம் மாடி. மருதர் கதவடிக்கு வந்து நின்றார். மெலிந்திருந்தார். அவள் கேட்டாள். அவர் தன் செருப்பைப் பார்த்தபடி, "கடிதம் வந்தது. நீங்கள் செய்தது சரி. சட்டம் எல்லாம் சரி," என்றார். பிறகு, "வாய் வருகுதில்லை ஜெயமதி," என்று உள்ளே போய்விட்டார்.

அவருடைய மனைவி சிமி மாடிப்படி வரைக்கும் கூட வந்தாள். உருண்டையான, பிரெஞ்சில் வாய் ஓயாத பெண். மருதர் படுக்கப்போக முதல் தினமும் ஒரு செபம் சொல்லுவாராம். இன்றைக்கு என்னைக் கோபப்படுத்தினவர், எனக்குத் தீங்கு செய்தவர் எல்லாரையும் மன்னிக்கிறேன், என்னால் ஒருவரும் தண்டனை அடையவேண்டாம் என்று அதிலே வருமாம். முப்பது வருடமாகத் தடங்கலில்லாமல் சொன்ன மனுசன். இப்போது அந்த இடம் வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாராம். "சும்மா சொன்னாப் பொய்யாப் போகுமாம். கடவுளுக்கு முன்னால எப்படிப் பொய் சொல்லுறது எண்டு கேக்கிறார். மன்னிக்காமல் அடுப்பு மூட்டக்கூடாது எண்டும் சொல்லுறார். எனக்கு இந்த மனுசனோட பெரிய கரைச்சல்," என்றாள் சிமி.

அதோடு இன்னொன்றும் சொன்னாள். கடிதம் வந்தது வீட்டுக்கு. அவர்கள் செபம் செய்கிற கோயிலுக்கு வரவில்லை. செபம் முடிந்து அவள் வைக்கிற தேன் பலகாரத் தட்டை இன்னும் ஒருவரும் தொடுவதில்லை. பால் விசயத்தில் பிழை விட்ட வீடு என்று கண்ணால் பேசிக்கொள்கிறார்கள். தட்டு நிறையக் கொண்டுபோவது நிறையவே திரும்பி வருகிறது.

"மூண்டாம் தரம் வா. அதுதான் முறை," என்றாள் சிமி. "மூண்டு பேரைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு வா. அதுக்குப் பிறகும் அவர் மாட்டன் எண்டால் பாவம் அவருக்குத்தான். நான் அதை விடமாட்டன்."

அந்த வருடம் அவர்களுடைய பெரிய விரதம் வெள்ளிக்கிழமை பொழுதுபடத் தொடங்கியது. எங்களுக்கு நவராத்திரி வெள்ளி. காலையில் அம்மனுக்கு விளக்கேற்றிவிட்டு, ஜெயமதி நல்ல சேலை உடுத்து, வீடு இருக்கிற புரோசார்ட்டிலிருந்து புறப்பட்டாள். கூடத் தடியோடு சுபாஸ்கரன். வலன்ரைன் தன் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். மூன்றாவது ஆள் குசினியில் மரக்கறி வெட்டுகிற கஜந்தினி.

பஸ்ஸில் ஜெயமதி உதட்டுக்குள் எதையோ சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"என்னக்கா, மந்திரமா?" என்றான் வலன்ரைன்.

"பிரெஞ்சு."

"கடவுளே. மருதர் மன்னிச்சாலும் பிரெஞ்சுக்காரன் மன்னிக்கமாட்டான்."

"வாயை மூடடா," என்றாள் கஜந்தினி. "அக்கா பாடமாக்கிறா, நீ வேற."

அவர்களுடைய கோயில் வாசலில் காவற்காரன் நாலு பேரையும் மேலும் கீழும் பார்த்தான். சேலை, தடி, இறுகின கோட். சிமி எங்கிருந்தோ ஓடிவந்து, "எங்கட ஆக்கள்," என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். மத்தியானச் செபம் முடிந்து முற்றத்தில் ஆண்களும் பெண்களுமாக ஐம்பது அறுபது பேர். கட்டிப்பிடிக்கிறார்கள், தோளில் தட்டுகிறார்கள், வருடத்துப் பிழைகளை ஒருவரிடம் ஒருவர் கேட்டுத் தீர்க்கிற நேரம். மதில் ஓரத்து மேசையில் சிமியின் தட்டு. சுருள் சுருளாகப் பொரித்துத் தேன் வார்த்த பலகாரம், ஒன்றுகூடக் குறையாமல். அதற்குப் பக்கத்தில் மருதர் தனியாக நின்றார். வெள்ளைச் சட்டை, துணிச் சப்பாத்து. விரத நாளில் தோல் சப்பாத்துப் போடக்கூடாது, அதுவும் பொழுதுபட்ட பிறகுதான். அவர் மத்தியானமே மாற்றிவிட்டார். எதையும் முந்திச் செய்கிற ஆள்.

அவளைக் கண்டார். அசையவில்லை.

ஜெயமதி அவரிடம் போகவில்லை. முற்றத்து நடுவில் நின்றாள். இவ்வளவு சனத்துக்கு முன்னால் அவள் தமிழில்கூடப் பேசியதில்லை. ஊரில் அஞ்சாம் வகுப்பில் பாட்டுச் சொல்லப் பயந்து அழுத பிள்ளை. முருகா என்று ஒரு மூச்சு இழுத்துவிட்டுத் தொடங்கினாள்.

"ல லே, செ முவா!"

பால், நான்தான். முற்றம் சட்டென்று அடங்கியது. அவள் நிற்கவில்லை. பஸ்ஸில் பாடமாக்கின அவ்வளவையும் சொன்னாள். பாலைக் கொண்டுவந்தது நான். சிந்தினது நான். கேட்டபோது பொய் சொன்னது நான். முசியு ஒஹாயோன் ஒரு பிழையும் செய்யவில்லை. உங்களுக்குச் சுத்தமான சாப்பாடு வரவேண்டும் என்று தன்னைத் தானே காட்டிக்கொடுத்தவர். என்னை நம்பினது ஒன்றுதான் அவர் செய்த பிழை. சொற்கள் உடைந்து உடைந்து வந்தன, ஆனால் எல்லாம் வந்துசேர்ந்தன. பிறகு மருதரின் பக்கம் திரும்பித் தமிழில், "ஐயா, மூண்டாம் தரம் கேக்கிறன். என்னை மன்னியுங்கோ," என்றாள்.

சுபாஸ்கரன் தடியை இறுக்கிப் பிடித்தார். மருதரின் தாடை அசைந்தது, சத்தம் வரவில்லை. வாய் வருகுதில்லை என்று சொன்ன வாய். சிமி தன் இரண்டு கையையும் வாயில் பொத்திக்கொண்டு நின்றாள்.

மருதர் மேசையைச் சுற்றி வந்தார். அவளுக்கு இரண்டடி தூரத்தில் நின்றார்.

"மன்னிச்சிட்டன்," என்றார். மெதுவாக. தன் குரலைத் தானே சோதித்துப் பார்க்கிறவர் போல. அது பொய்யில்லை என்று கண்டதும் நிமிர்ந்தார். "மன்னிச்சிட்டன்!" என்று முற்றம் முழுக்கக் கேட்கச் சொன்னார். மூன்றாவது "மன்னிச்சிட்டன்!" தெருவின் மறுகரையில் பஸ்ஸுக்கு நின்றவர்களையும் திரும்பிப் பார்க்கவைத்தது. அந்த முற்றத்தில் அந்தச் சொல் விளங்கினவர்கள் ஐந்து பேர்தான். விளங்காதவர்கள் ஒருவரும் இல்லை.

வலன்ரைன் கோட்டுக் கையால் மூக்கைத் துடைத்தான். அழுகிற ஜெயமதியைப் பார்த்து மருதர் கையை உயர்த்தினார். "பொறுங்கோ. முடியேல்லை. இப்ப என்ர முறை. கடையில ஆக்களுக்கு முன்னால உங்களை வெளியால போகச் சொன்னனான். மன்னியுங்கோ."

"ஐயோ ஐயா..."

"வாயால."

"மன்னிச்சிட்டன்," என்றாள். அவர் இரண்டு விரலைக் காட்டிக்கொண்டு நின்றார். இன்னும் இரண்டு தரம் சொன்னாள். மூன்றாம் தரம் அழுகைக்குள்ளே சிரிப்பு வந்துவிட்டது.

அப்போது முற்றத்திலேயே வயதில் மூத்த மனுசர், பங்குனியில் சிமியின் தட்டைக் கண்டு முதன்முதல் கையை இழுத்துக்கொண்டவர், தடியை ஊன்றி மேசையடிக்கு நடந்துபோனார். ஒரு சுருளை எடுத்தார். எல்லாரும் பார்க்க வாயில் போட்டு, நிதானமாக மென்று, விரலில் ஒட்டின தேனையும் நக்கினார். மருதரின் காதைப் பிடித்து இழுத்து என்னவோ கேட்டார். மருதர் அவருக்கும் மூன்று தரம் சொல்லவேண்டியதாகப் போயிற்று. அதன்பிறகு தட்டைச் சுற்றிச் சனம். கடைசியில் சிமி வெறுந்தட்டைத் தலைகீழாகத் தூக்கிக் காட்டினாள், பந்தயத்தில் வென்ற கிண்ணம் மாதிரி. ஜெயமதியின் கைக்கும் யாரோ ஒரு சுருளை நீட்டினார்கள். மருதர் குறுக்கே கை வைத்தார். "அவவுக்கு வேண்டாம். முட்டை இருக்கு. இண்டைக்கு வெள்ளி." தன் பையிலிருந்து இரண்டு பேரீச்சம்பழம் எடுத்துக் கொடுத்தார்.

விரதம் முடிந்து மூன்றாம் நாள் முதலாளி அம்மாவுக்குப் போன் எடுத்தார். "நான் வாறதெண்டால் அவவும் வரவேணும். இல்லாட்டி வேற ஆளைப் பிடிச்சு அடுப்பு மூட்டுங்கோ." இதை அவர் பிரெஞ்சில்தான் சொன்னாராம். சிமி கேட்டுக்கொண்டிருந்து கஜந்தினிக்குச் சொன்னாள்.

இப்போது குசினிச் சுவரில் சபையின் தாளொன்று தொங்குகிறது. தனிச் சட்டி வைத்திருக்க விரும்பினால் பூட்டிய பெட்டியில் வைக்கவேண்டும், திறப்புச் சாவி ஒரு நம்பிக்கையான ஆளிடம் இருக்கவேண்டும், அந்த ஆளின் பெயரை மேற்பார்வையாளர் எழுதவேண்டும். பெயர் எழுதுகிற கோட்டில் மருதரின் கையெழுத்தில் பெரிய எழுத்தாக, ஜெயமதி சுபாஸ்கரன். காலையில் வேலைக்கு வருகிற எல்லாரும் அதைத் தாண்டித்தான் போகவேண்டும். பூச்சிகளோடும் அடுப்புகளோடும் அவர் மரியாதையாகப் பேசுவது பழையபடி நடக்கிறது. கோபமும் பழையபடிதான். வலன்ரைன் அடுத்த புரட்டாதிக்கு இப்பவே நாலு மன்னிப்பு எண்ணி வைத்திருக்கிறான்.

போன வெள்ளிக்கிழமை ஓய்வுநாளுக்காகக் குசினி இரண்டு மணிக்கே பூட்டியது. பஸ் தரிப்பில் பனி விழுந்துகொண்டிருந்தது. புரோசார்ட் பக்கம் போக ஜெயமதி ஏறினாள். கதவு மூடப் போகும் நேரம் மருதர் ஒரு காலைப் படியில் வைத்து மறித்தார். சாரதி கத்தக் கத்த, கையுறையைக் கழற்றி, சட்டைப்பையிலிருந்து அந்தச் சின்னப் பெட்டியின் திறப்பை எடுத்தார். அதிலும் நீல ரேப் சுற்றியிருந்தது. அவளுடைய உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடித்து மூடச்சொல்லிக் காட்டினார்.

"வீட்டில பால் பொங்கினாக் கும்பிடுங்கோ," என்றார். "இஞ்ச பொங்கினா என்னைக் கூப்பிடுங்கோ."